வம்ச விருக்ஷம்: கேட்க மறந்த கேள்விகள்

(நமது மும்பைக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

குடும்ப வரலாற்றை எப்படித் தேடுவது, முன்னோர்கள் கதைகளை எப்படிப் பாதுகாப்பது என்று அரை மணி நேரம் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் சரித்திரப் பேராசிரியர் அல்லன். ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2010-ல் ஓய்வு பெற்றவன். தேடினேன், சிலவற்றைக் கண்டுபிடித்தேன், ஒன்றில் நன்றாக ஏமாந்தேன். அந்த அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. அபிவாதயே சொல்லும்போது ரிஷிகள், கோத்ரம், ஸூத்ரம், சாகை எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்கிறோம். எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய ரிஷியின் பெயர் நமக்குத் தெரியும். சரி, உங்கள் அப்பாவுடைய பாட்டியின் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (சிலரே கை தூக்கினார்கள்.) வெட்கப்பட வேண்டாம். நாற்பத்து நாலு வயது வரை நான் அதை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

1994-ல் அப்பா காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். முதல் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தபோது வாத்தியார் பெயர்களைக் கேட்டார். அப்பாவின் பழைய தர்ப்பண நோட்டை எடுத்தேன். மூன்று தலைமுறைப் பெயர்களும் அவர் கையெழுத்தில் அழகாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு பெயர் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அவருடைய பிதாமஹி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி. எனக்கு ப்ரபிதாமஹி. அம்மாவிடமிருந்து முன்பே கேட்டிருந்த விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாதுங்காவில் இருந்த பழைய வாத்தியார், "பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை" என்று ஒரு பொதுப் பெயரைச் சொல்லிக் கொடுத்தாராம். ஐம்பது வருஷம் அந்தப் பெயரையே சொல்லி எள்ளும் ஜலமும் விட்டிருக்கிறார் அப்பா.

அப்பாவுக்குத் தம் பாட்டி பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கும்பகோணத்துக்கு அருகே ஒரு அக்ரஹாரம் எங்கள் பூர்வீகம். 1930-ல் தாத்தா திடீரென்று காலமானார். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. மறு வருஷமே அவரைப் பம்பாயில் இருந்த தாய்மாமா வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். ஊரில் இருந்தவரை பாட்டி வெறும் பாட்டிதான். எட்டு வயதுப் பிள்ளை பாட்டியைப் பார்த்து, "உன் பேர் என்ன?" என்று கேட்குமா?

வாத்தியாரிடம் நானும் அந்தப் பொதுப் பெயரையே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குறி மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்றதும் தேட ஆரம்பித்தேன்.

கணக்குப் பிள்ளை புத்தி எனக்கு. ஆவணத்தைத்தான் நம்புவேன். முதலில் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1909-ல் மெட்ராஸ் ரிக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கியது அது. உங்களில் பலருடைய பூர்வீக கிராமம் இனாம் கிராமமாக இருக்கலாம். 1858-ல் அரசாங்கம் இனாம் கமிஷன் ஒன்றை ஏற்படுத்தி, மானிய நிலங்களை ஊர் ஊராக விசாரித்தது. அந்த விசாரணைப் பதிவேடுகளில் மானியம் யார் கொடுத்தது, எவ்வளவு நிலம், இப்போது யார் அனுபவிக்கிறார், அவர் வயது, முதலில் பெற்றவருக்கு என்ன உறவு என்றெல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து எங்கள் ஊரைப் பிடித்தேன். எள்ளுத்தாத்தாவின் பெயரும் வயதும் அதில் இருந்தன. கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஆனால் ஒரு பெண் பெயர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை.

அடுத்து, அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த ஓலை ஜாதகம் ஒன்று. அதில் "ரக்தாக்ஷி வருஷம்" என்று இருந்தது. இங்கே ஒரு பயனுள்ள குறிப்பு சொல்கிறேன். நம் வருஷப் பெயர்கள் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். ரக்தாக்ஷி என்றால் 1804-ஆ, 1864-ஆ, 1924-ஆ? குருவையும் சனியையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். முடியாது. குரு ஒரு சுற்றுக்குச் சுமார் 12 வருஷம், சனி சுமார் 30 வருஷம். அறுபது வருஷம் கழித்து இரண்டும் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகு-கேதுதான் கைகொடுக்கும். அவற்றின் சுற்று சுமார் பதினெட்டரை வருஷம். ஆகவே அறுபதாவது வருஷத்தில் வேறு ராசியில் இருக்கும். கிழமையும் நக்ஷத்திரமும் ஜாதகத்தில் இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். ஜோதிடம் தெரிந்த நண்பர் பஞ்சாங்கக் கணக்குப் போட்டு, 1864 என்றார். அது என் கொள்ளுத்தாத்தாவின் ஜாதகம். ஆக, அவருக்குப் பிறந்த தேதியும் கிடைத்தது. கொள்ளுப்பாட்டிக்கு ஜாதகமும் இல்லை, பெயரும் இல்லை.

பிறகு கும்பகோணம் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம். பழைய பத்திரங்களுக்கு மனுப் போட்டுத் தேட வேண்டும், பொறுமை வேண்டும். கடைசியில் 1931-ம் வருஷத்துப் பாகப் பிரிவினைப் பத்திர நகல் கிடைத்தது. தாத்தாவின் அண்ணா ஒரு பக்கம், மைனரான என் அப்பா இன்னொரு பக்கம். நிலம், தென்னந்தோப்பு, வீட்டில் தெற்குப் பாதி, வடக்குப் பாதி, வெண்கலப் பானை உட்படப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு வரி: எங்கள் தாயாருக்கு ஜீவனாம்சமாக ஆயுள் பரியந்தம் வருஷத்துக்கு 24 கலம் நெல் அளக்க வேண்டியது. அவ்வளவுதான். "எங்கள் தாயார்." வெண்கலப் பானைக்குக்கூட இத்தனை சேர் எடை என்று விவரம் இருக்கிறது, தாயாருக்குப் பெயர் இல்லை. 1937-ம் வருஷச் சட்டம் வருவதற்கு முன் கூட்டுக் குடும்பத்தில் விதவைக்குப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும்தான். பங்கு இல்லாதவளைப் பத்திரம் எழுதுகிறவர் பெயர் சொல்லி எழுத வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

கிராமத்துக்கும் போனேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது வேறொரு வீடு. எங்கள் நிலத்தைப் பயிர் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர்தான், "இதுதான் உங்க வீட்டுக் கெணறு" என்று கூட்டிப் போய்க் காட்டினார். நம் முன்னோர்களைப் பற்றி நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் கேட்க வேண்டும்.

மூன்று வருஷம் இப்படி அலைந்தேன். ஆண்களின் பட்டியல் ஆறு தலைமுறைக்கு நீண்டது. நோட்டில் கேள்விக்குறி அப்படியே இருந்தது.

இப்போது நான் ஏமாந்த கதைக்கு வருகிறேன்.

அப்பாவின் பெரியப்பா பெண் ஒருத்தர், எனக்கு அத்தை முறை. அம்மாளு அத்தை என்போம். 1924-ல், காவிரியில் பெருவெள்ளம் வந்த ஆடி மாசத்தில் பிறந்தவர். எங்கே இருந்தார் தெரியுமா? டோம்பிவிலியில், பெண் வீட்டில். நான் இருப்பது முலுண்டு. ஸ்லோ டிரெயினில் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். குடும்பத்தில் எந்தக் கல்யாணம், பூணூல் நடந்தாலும் அத்தையைப் பார்ப்பேன். நமஸ்காரம் பண்ணுவேன். "சௌக்கியமா அத்தை?" என்பேன். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று நகர்ந்துவிடுவேன். எழும்பூருக்கு மூன்று தடவை போனவன், டோம்பிவிலிக்கு ஒரு தடவை போகவில்லை.

2014-ல் அத்தை வழுக்கி விழுந்து படுத்திருக்கிறார் என்று தெரிந்து பார்க்கப் போனேன். பேச்சு வாக்கில் என் தேடலைச் சொன்னேன். இனாம் ரிஜிஸ்தர், பத்திரம், ஜாதகம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். கொள்ளுப்பாட்டி பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றேன்.

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஏண்டா, என் பேர் என்னன்னு உனக்குத் தெரியுமோ?" என்றார்.

"அம்மாளு."

"அது கூப்பிடற பேருடா. வச்ச பேரு?"

எனக்குத் தெரியவில்லை. அவர் பெண் உள்ளே போய் ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் வேறு பெயர் இருந்தது.

"நான்தான் மூத்த பேத்தி. பாட்டி பேரைத்தான் எனக்கு வச்சா. மாமியார் பேரை எங்கம்மா வாயால சொல்லலாமோ? அதனால அம்மாளுன்னு கூப்பிட ஆரம்பிச்சா. ஊரே அப்படிக் கூப்பிட்டுது. உங்கப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டான்."

பெரியோர்களே, நாட்டுப்பெண் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மூத்த பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பதும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அத்தை அதோடு நிற்கவில்லை. "உங்கப்பாவைப் படிக்க வச்சது யாருன்னு நினைச்சிண்டிருக்கே?" என்றார். பம்பாய் மாமாதான் படிக்க வைத்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். அப்பாவும் அப்படித்தான் நம்பினார். மாமா சோறு போட்டார், இடம் கொடுத்தார், அது சத்தியம். ஆனால் அவருக்கும் சின்னச் சம்பளம், நாலு குழந்தைகள். பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று ஊரில் பேச்சு வந்ததாம். பாட்டி, "எனக்கு எதுக்கு இருபத்து நாலு கலம்? ஒருவேளை சாப்பிடறவளுக்குப் பன்னண்டு கலம் போறும்" என்றாளாம். மீதிப் பன்னிரண்டு கலத்தை ஒவ்வொரு அறுவடைக்கும் பாதி பாதியாக விற்று, பெரிய பிள்ளையிடம் கொடுத்து மணியார்டர் அனுப்பச் சொன்னாளாம். "குழந்தைகிட்டே சொல்லாதீங்கோ, மனசு கஷ்டப்படும்" என்றும் சொன்னாளாம். 1930-களில் நெல் விலை படுத்துக் கிடந்த காலம் அது.

கணக்குக்காரன் இல்லையா, கேட்டதும் நம்பிவிடவில்லை. வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். அதில் ஒரு கட்டு மணியார்டர் கூப்பன்கள் இருந்தன. பெரிய தாத்தாவின் கையெழுத்து. ஆறு ரூபாய், ஏழு ரூபாய். அண்ணா தம்பி பிள்ளைக்கு ஏதோ அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது தேதிகளைப் பார்த்தேன். வருஷத்துக்கு இரண்டு. ஒன்று ஐப்பசியை ஒட்டி, ஒன்று தை, மாசியில். குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும். எட்டு வருஷம் அப்படியே வந்திருக்கின்றன.

அந்தக் கூப்பன்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த என் அப்பா, எதற்காக வைத்திருக்கிறோம் என்று தெரியாமலே போய்விட்டார். தமக்காக வயிற்றைச் சுருக்கிக்கொண்டவளுக்கு, வேறு பெயர் சொல்லி ஐம்பது வருஷம் தர்ப்பணம் செய்தார். தர்ப்பணம் அவளைச் சேர்ந்திருக்குமா என்று சாஸ்திரிகள் ஒருவரைக் கேட்டேன். "சிரத்தையோடு செய்தது வீண் போகாது" என்றார். சமாதானமாக இருந்தது. ஆனாலும் அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்ற குறை எனக்கு இருக்கிறது. 1994-க்கு முன்பு ஒரே ஒரு தடவை நான் டோம்பிவிலிக்குப் போயிருந்தால் போதும்.

அத்தையிடம் மறுபடி மூன்று முறை போனேன், டேப் செய்தேன். நான்காவது முறைக்குத் தீபாவளி கழித்து வருகிறேன் என்றேன். அதற்குள் அத்தை போய்விட்டார். எழுதி வைத்திருந்த கேள்விகள் இரண்டு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இதிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, வரிசையை மாற்றுங்கள். பத்திரங்கள் அலமாரியில் காத்திருக்கும். எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதிலும் வீட்டுப் பெண்களை முதலில் கேளுங்கள். ஆவணம் சொத்தையும் ஆண்களையும் ஞாபகம் வைத்திருக்கிறது. மற்றதெல்லாம் அத்தை, சித்தி, பெரியம்மாவிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது, கேட்கும் விதம். "நம் குடும்பக் கதையைச் சொல்லுங்கள்" என்றால், "என்ன இருக்கு சொல்ல?" என்றுதான் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள். கிணறு எந்தப் பக்கம்? வெண்ணெய் யார் கடைவார்கள்? உங்களுக்கு அந்தப் பெயரை ஏன் வைத்தார்கள்? பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுங்கள், பேச்சு தானே வரும். இப்போது எல்லோரிடமும் ஃபோன் இருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். பெரியவர் களைத்துப் போனால் நிறுத்திவிடுங்கள், ஆனால் அடுத்த தேதியை அப்போதே சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, ஒருவருக்கு மூன்று பெயர் உண்டு: சர்ம நாமம், பள்ளிக்கூடப் பெயர், கூப்பிடும் பெயர். மூன்றையும் எழுதுங்கள். தாத்தா பெயர் பேரனுக்கு வருவதால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் வரும், குழப்பிக்கொள்ளக் கூடாது. பெண்களுக்குப் பிறந்த ஊரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சீர் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். பரணில் இருப்பதைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்.

நான்காவது, தேதி தெரியாவிட்டால் சம்பவத்தைக் கேளுங்கள். "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவள்" என்றால் 1876-ஐ ஒட்டி. சென்னையில் எம்டன் குண்டு போட்டது 1914 செப்டம்பரில். என் மைத்துனர் "துறைமுகத்தில் கப்பல் வெடித்த மறுநாள்" பிறந்தவர் என்று அவர் தாயார் சொல்வார். பம்பாய் விக்டோரியா டாக்கில் கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14. பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு தேதி இருக்கிறது. அம்மா சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

ஐந்தாவது, கயா ஸ்ராத்தத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள பண்டாக்களிடம் பழைய ஏடுகளைப் பற்றி விசாரியுங்கள். யாத்திரை வந்தவர்களின் ஊர், பெயர், தகப்பனார் பெயரைத் தலைமுறைகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர் யாராவது போயிருந்தால் அவர் கையெழுத்தே கிடைக்கலாம்.

ஆறாவது, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எல்லோர் வீட்டிலும் திவான் இருந்ததாகச் சொல்கிறார்கள். இத்தனை திவான்களுக்கு அந்தக் காலத்தில் சமஸ்தானங்கள் போதாது. (சிரிப்பு.) அதே சமயம் எல்லோர் வீட்டிலும் ஒன்பது, பத்து வயதில் விதவையாகி, கடைசி வரை சமையலறையிலேயே இருந்து அத்தனை குழந்தைகளையும் வளர்த்த ஒரு அத்தைப்பாட்டி இருந்திருப்பாள். அவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவள் பெயரையும் எழுதுங்கள். மஹாளயத்தில் காருண்ய பித்ருக்கள் என்று அவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். நம் வம்ச விருக்ஷத்திலும் இடம் கொடுப்போம். யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதைக் கூடவே குறித்து வையுங்கள். பிறகு வருகிறவர்கள் சரிபார்க்க அது உதவும்.

கடைசியாக, ஒரே பிரதி வைத்துக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைகள் புனேயில், பெங்களூரில், டில்லியில், வெளிநாட்டில் என்று இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். போட்டோவின் பின்னால் யார் யார் என்று மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேரக் குழந்தைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் வாயால் சொல்லுங்கள். என் பேத்தி புனேயில் பிறந்தவள், மராத்திதான் நன்றாக வரும். ஆனால் பன்னிரண்டு கலம் நெல் கதை அவளுக்குத் தெரியும். "கலம் என்றால் எத்தனை கிலோ?" என்று கேட்டாள். நெல் கலத்துக்குச் சுமார் முப்பது கிலோ என்றேன். ஒரு காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அவ்வளவா கொடுத்தாள்?" என்றாள்.

அப்பாவின் நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. பென்சிலால் எழுதிய அந்தப் பொதுப் பெயரையும் கேள்விக்குறியையும் நான் அழிக்கவில்லை. அதன் கீழே பேனாவால் சரியான பெயரை எழுதி, "அம்மாளு அத்தை சொன்னது, 2014" என்று குறித்திருக்கிறேன். ஒவ்வொரு அமாவாசையும் அந்தப் பெயரைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவருக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள். சௌக்கியம் விசாரித்ததோடு வைத்துவிடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்.